டெய்ஸி ரங்கூனில் இருக்கிறாள்

தாகேதா, யாங்கோன் (உங்கள் ரங்கூன்)
ஜூன் 2

மாட்சிமை பொருந்திய பெட்டு அத்தைக்கு,

இங்கே நானும் கொசுக்களும் நலம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் நலமா?

உண்மையில் நலம் விசாரிக்கவே கூடாது. நீங்கள் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ நாளாகியும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முழிக்காதீர்கள். கியாக்டடாவில் ஹஸ்ஸான் கடையில் நீங்கள் நடிக்கும் ‘டைலர்ஸ் எண்ட்’ டி.வி. நாடகத்தை மெமரி ஸ்டிக்கில் ஏற்றித் தருவார்கள். ‘எண்ட்’ என்று பெயர் வைத்துவிட்டு முப்பது வருடமாக முடியாத நாடகம் உலகத்திலேயே அது ஒன்றுதான். லண்டனில் பார்த்து முடித்து இரண்டு மாதம் கழித்துத்தான் எங்கள் கைக்கு வரும். நேற்றுப் பார்த்தேன். உங்கள் லாண்டரிக்கார டெய்ஸி பின்டோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “ரங்கூன்ல என் தம்பிக்கு உடம்பு சரியில்ல, போய்ப் பார்த்துக்கணும்” என்று டாக்ஸியில் ஏறிவிட்டாள். பின்னால் மொத்தத் தெருவும் அழுகிறது.

உங்கள் தம்பிக்கு ஒரு தும்மல்கூட இல்லை அத்தை! காலையில் இருட்டோடு லைங் தாயா கார்மென்ட் பேக்டரிக்குத் தையல் மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார், இருட்டிய பிறகு வருகிறார். அம்மா சிங்கப்பூரில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறார். என் பள்ளிக்கூடம் போன வருடத்தோடு நின்றது. ஆகவே பகல் முழுவதும் இந்த மூன்றாம் மாடியின் ராணி, மந்திரி, சேனாதிபதி, கூட்டுகிறவள் எல்லாம் நானே.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ரோட்டில் சிப்பாய்கள் நிறுத்திப் போனைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று அப்பா என் போனை வாங்கிவிட்டு ஒரு பட்டன் போனைக் கொடுத்திருக்கிறார். அதில் டார்ச் மட்டும் நன்றாக எரிகிறது. என் தமிழ் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கற்ற தமிழ். பிழை இருந்தால் சாமியாரைத் திட்டுங்கள்.

வந்ததுதான் வந்தீர்கள், வீட்டுக்கும் வாருங்கள். பின்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். நாடகத்துக்குச் சொன்னதை நிஜமாக்கினால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் வருகைக்கு ஏங்கும் அன்பு மருமகள்,
ஆன்மேரி

•

லண்டன்
ஜூலை 1

அன்புள்ள ஆன்மேரிக்கு,

கர்த்தர் உன்னையும் தம்பியையும் காப்பாராக. என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முனகுகிறது. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கே திடுக்கென்றது. நடந்ததை உனக்குச் சொல்கிறேன். இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர் அம்மாள் என் கையைப் பிடித்து, “உன்னைக் கொல்லவில்லை பெட்டு, ஊருக்குத்தான் அனுப்புகிறோம், கதவு திறந்திருக்கிறது” என்றார். எங்கள் தொழிலில் அது பெரிய வித்தியாசம். செத்தவளைக் கூப்பிட முடியாது. ஊருக்குப் போனவளை எப்போதும் கூப்பிடலாம். அந்த அழைப்புக்காகத்தான் காத்திருக்கிறேன். வேறு எதையும் நான் இப்போது நினைப்பதில்லை.

நான் நர்ஸ் படிக்க இங்கே வந்தவள் என்று அப்பா சொல்லியிருப்பார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாடகம் எடுத்தார்கள். ஊசியைச் சரியாகப் பிடிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. “டாக்டர் வருகிறார்” என்ற ஒரு வரியும் கொடுத்தார்கள். அதன் பிறகு பல வருடம் பல நாடகங்களில் நர்ஸ்தான். டாக்டர் வந்துகொண்டே இருந்தார். பிறகு டெய்ஸி கிடைத்தாள். முதலில் அவளைக் கோவாக்காரி என்றார்கள், அப்புறம் கொழும்பு என்றார்கள், நான் சொல்லிச் சொல்லி ஒருவழியாக ரங்கூன் ஆனாள். இருபத்தோரு வருடம் லாண்டரி நடத்தினேன். ஒரு துணிகூடத் துவைத்ததில்லை. அந்த மெஷின்களுக்குப் பின்னால் குழாயே கிடையாது.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? கடையில் வேலை செய்யும் பாம் என்கிற பெண் ரங்கூனுக்கு போன் போட்டு டெய்ஸியோடு பேசுவதாகக் காட்டுகிறார்கள். அந்த போனில் யாரும் இருக்க மாட்டார்கள். வெறும் கருவி. “டெய்ஸி, உன் தம்பி எப்படி இருக்கான்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் அளவுக்கு அவள் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில் நான் என் சமையலறையிலிருந்து பதில் சொல்லிவிடுகிறேன். சில நாள் சரியாகப் பொருந்திவிடும்.

டெய்ஸி உங்கள் வீட்டில் என்ன செய்கிறாள்? எழுது. அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு, டீயில் பாலைக் குறை.

ஆசீர்வாதங்களுடன்,
பெட்டு அத்தை

•

தாகேதா
ஜூலை 27

பெட்டு அத்தைக்கும், அவருக்குள் குடியிருக்கும் டெய்ஸி அம்மையாருக்கும்,

இருவருக்கும் தனித்தனியே நலம் விசாரிக்கிறேன். தபால்தலை ஒன்றுதான், அதனால் சுருக்கமாக.

டெய்ஸி சுகமாக இருக்கிறாள். வந்த அன்றே மொஹிங்கா மீன் சூப்பில் உப்பு அதிகம் என்றாள். நான், “லண்டன் நாக்குக்கு எல்லாம் அதிகம்தான்” என்றேன். இரண்டாம் நாள் வாளியில் துணி ஊற வைத்து முகத்தைச் சுளித்தாள். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் காரணம் புரிந்தது: அம்மையார் வாழ்க்கையில் துவைத்ததே இல்லை! நான் துவைக்க, அவள் மேற்பார்வை பார்க்கிறாள்.

கரண்டை இங்கே ‘மீ’ என்போம். மீ வந்தால்தான் மீதி நாடகம். மீ வந்ததும் தெருவே ஹோவென்று கத்தும். டெய்ஸி முதல் முறை பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாலு மணி நேரத்துக்கு ஒரு நாடு சுதந்திரம் அடைகிறது, அவ்வளவுதான்” என்று சமாதானம் சொன்னேன்.

ஒரு விஷயம். நான் இரண்டு குரலில் பேசுகிறேன். டெய்ஸிக்கு உங்கள் நாடகக் குரல், மூக்கால் கொஞ்சம், நடுவில் “டார்லிங்”. வாசலில் அம்மாவின் பழைய செருப்பு ஜோடி ஒன்றை என் செருப்புக்குப் பக்கத்தில் விட்டு வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு சத்யபாமா ஆன்ட்டிக்கு அது போதாதா? நேற்று மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா, மேல யாரு வந்துருக்கா? கொரலு கேக்குதே.”

“லண்டன் அத்தை வந்துருக்காங்க ஆன்ட்டி.”

“அட! டி.வி.ல வர்றவங்களா? வந்து ஒரு வார்த்த சொல்லல பாரு. மொகம் காட்ட மாட்டாங்களோ?”

“கூச்ச சுபாவம் ஆன்ட்டி. கேமரா இல்லாம வெளிய வர மாட்டாங்க.”

சாயங்காலம் ஆன்ட்டி வீட்டிலிருந்து கோயில் சர்க்கரைப் பொங்கல் இரண்டு பொட்டலம் வந்தது. உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன். உங்களுக்குத்தான் சர்க்கரை ஆயிற்றே.

பகலில் மூன்று மணிக்குத்தான் அவள் மிகவும் பேசுகிறாள். அந்த நேரம் தெருவில் ஒன்றும் அசையாது.

உடனே பதில் போடுங்கள்,
அன்பின் ஆன்மேரி

•

லண்டன்
ஆகஸ்ட் 20

அன்புத் தம்பி பிரான்சிஸுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். ஆன்மேரி கையில் சிக்கக் கூடாது என்று இதை உன் பேக்டரி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

டெய்ஸியைக் கொன்றுவிட்டார்கள். பழைய தயாரிப்பாளர் போய்விட்டார், புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். போன வாரம் ஒளிபரப்பானது. சாவுக் காட்சிகூட இல்லை. பாம் போனை எடுக்கிறாள், கேட்கிறாள், “ரங்கூனில் தூக்கத்திலேயே போய்விட்டாள்” என்கிறாள். இருபத்தோரு வருடத்துக்கு அவ்வளவுதான். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையலறையில் நின்று அந்த நிறுத்தத்தில் பதில் சொல்லக் காத்திருந்தேன்.

கடையில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, “நீங்கள் இறந்ததற்கு வருந்துகிறேன்” என்றாள். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

பிள்ளைக்கு இதைச் சொல்லாதே. அவள் கடிதங்களில் டெய்ஸி இன்னும் டீ குடிக்கிறாள், குறை சொல்கிறாள். டெய்ஸிக்கு வேலை இருக்கிற ஒரே இடம் இப்போது உன் வீடுதான். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. உண்மையையும் எழுத முடியவில்லை, விளையாட்டையும் எழுத முடியவில்லை.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
பெர்பெச்சுவா

•

லைங் தாயா
செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். எனக்கு எழுத வராது, தெரியும்தானே.

சொல்லவில்லை. ஆனால் அந்த ஸ்டிக் எப்படியும் ஒரு நாள் அவள் கைக்கு வரும். ஹஸ்ஸானிடம் கொடுக்காதே என்று சொல்லிப் பார்த்தேன். கடை என்றால் விற்கத்தான் செய்வேன் என்கிறார்.

ராத்திரி பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி மாடி ஏறும்போது இரண்டு குரல் கேட்கும். நான் கதவைத் தட்டினால் ஒன்று நின்றுவிடும். அதனால் சில நாள் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். “யாரு கூட பேசுன?” என்று கேட்டால், “உங்க அக்கா கூடத்தான், ரொம்ப வாய்” என்கிறாள்.

எழுதுங்கள் அக்கா. அவளுக்கு எழுதுங்கள். தபால் வந்ததா என்று தினம் கேட்கிறாள்.

தம்பி
பிரான்சிஸ்

•

தாகேதா
அக்டோபர் 13

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலம்தானே? ஜூலைக்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்புகிறார்.

நமது டெய்ஸியால் பெரிய ரகளை. யார் வீட்டில் விருந்தாளி இரவு தங்கினாலும் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும், பதியாவிட்டால் வீட்டுக்காரரைப் பிடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் போன பிறகு வந்த கெடுபிடி. சத்யபாமா ஆன்ட்டி பெருமை தாங்காமல் டீக்கடையில், “எங்க மாடில லண்டன் நடிகை இருக்காங்க” என்று சொல்லியிருக்கிறார். நேற்று மத்தியானம் வார்டு ஆபீஸ் அதிகாரி ஊ சோ வின் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். அப்பா பேக்டரியில்.

இனி நடந்ததெல்லாம் பர்மியப் பேச்சு, நான் தமிழில் தருகிறேன்.

“பாப்பா, விருந்தாளி எங்கே?”

“விருந்தாளி யாரும் இல்லை, பெரியப்பா.”

“வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. பேச்சுக் குரல் கேட்பதாகக் கட்டடமே சொல்கிறது.”

“இரண்டு குரலும் நான்தான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்ற யோசனை தெரிந்தது. ஆட்கள் பின்னறையைப் பார்த்தார்கள். கட்டிலில் விரிப்பு விரித்துத் தலையணை போட்டு வைத்திருந்தேன். “இது யாருக்கு?” என்றார். அத்தை, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அப்பாவைக் கூட்டிப்போய் விசாரித்தால்?

அந்த நேரம் பார்த்து மீ வந்தது. தெரு கத்தியது. அன்று காலைதான் புது ஸ்டிக் வாங்கியிருந்தேன், இன்னும் பார்க்கவில்லை. “விருந்தாளியைக் காட்டுகிறேன், உட்காருங்கள்” என்று டி.வி.யில் செருகினேன். இதோ இவர் வெறும் நாடகத்தில் வருகிறவர், நான் அவர் மாதிரிப் பேசி விளையாடுகிறேன் என்று காட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் முகத்தைத் தேடி ஓட்டினேன். லாண்டரிச் சுவரில் உங்கள் போட்டோ வந்தது. “இவர்தான்!” என்று கத்தினேன். அப்போது பாம் போனை எடுத்தாள்.

அவள் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

ஊ சோ வின்னுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ‘ரங்கூன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“ரங்கூன் என்கிறாளே, என்ன சொல்கிறாள்?”

“அவர் ரங்கூனிலிருந்து கிளம்பி லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.”

“பிறகு ஏன் எல்லாரும் அழுகிறார்கள்?”

“சந்தோஷத்தில், பெரியப்பா.”

“வெள்ளைக்காரர்களும் சந்தோஷத்தில் அழுவார்களா?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். கூட வந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இனி குரலை மாற்றிப் பேசாதே, அக்கம்பக்கம் பயப்படுகிறது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மாவின் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். இப்போது ஒரு குரல்தான். அதுவும் மூன்று மணிக்கு வருவதில்லை.

அத்தை, நான் இனி சிரிக்க வைக்க மாட்டேன், ஒரே ஒரு கடிதத்துக்கு. டெய்ஸி வேண்டாம். நீங்கள் வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள்.

ஆன்மேரி

•

லண்டன்
நவம்பர் 3

என் கண்ணே ஆன்மேரி,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதாமல் இருந்தது உன்னிடம் மறைக்க அல்ல. மறைக்கத்தான், ஆனால் உனக்காக என்று நினைத்தேன். எனக்காகத்தான் போலும். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டார்கள். ஏஜென்டும் போன் எடுப்பதில்லை. காலையில் எழுந்தால் பஸ்ஸில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வருகிறேன், யாராவது “டெய்ஸி” என்று கூப்பிடுவார்கள் என்று.

வருகிறேன். விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர் பத்தொன்பது இறங்குகிறேன். என்னை நிறுத்தி வைக்க இங்கே இனி எதுவும் இல்லை. ஊ சோ வின்னிடம் முறையாகப் பதிந்துவிடு, உன் அப்பாவை யாரும் அலைக்கழிக்கக் கூடாது.

டீயில் பால் குறைவாகவே இருக்கட்டும். அது டெய்ஸிக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்.

உன் அத்தை
பெர்பெச்சுவா

•

தாகேதா
நவம்பர் 29

ராஜ ராஜ பெட்டு அத்தைக்கு,

நலம் நலம் நலம்! இந்த வீட்டில் கொசுகூட இன்று நலம்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் பின்னறைப் பல்பைக் கழற்றிவிட்டு, பெரிய பல்பு மாட்டினார். மீ இல்லை. இருந்தாலும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வார்டு ஆபீஸுக்குப் போனேன். ஊ சோ வின் தலையில் கை வைத்தார். “பாப்பா, போன முறை ஆளில்லாமல் விருந்தாளி. இந்த முறை விருந்தாளி வருவதற்கு முன்னாலேயே பதிவா? ஆள் வந்த பிறகு வா” என்றார். எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டார். எத்தனை நாள் விடுவீர்கள் என்று கேட்டேன். தொழில் என்ன என்றார். “செத்துப் போனவர்” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நான் பெரியவளாகிவிட்டேன் அத்தை.

சத்யபாமா ஆன்ட்டி, “இந்தத் தடவ நெசமா வர்றாங்களா, இல்ல உன் வாயிலேந்துதான் வர்றாங்களா?” என்று கேட்டார். ஏர்போர்ட்டுக்கே கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பட்டுப் புடவையை வெயிலில் போட்டிருக்கிறார்.

நாங்கள் மூவரும் முன்வரிசையில் நிற்போம். அழ மாட்டோம். அழுதாலும் அது வெள்ளைக்காரச் சந்தோஷம்.

காத்திருக்கும்
ஆன்மேரி

•

லண்டன்
டிசம்பர் 4

அன்புள்ள ஆன்மேரிக்கு,

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார். நான் செய்வதை நீ என்ன பெயர் சொல்லி அழைப்பாயோ தெரியவில்லை.

நேற்று போன் வந்தது. டெய்ஸியைச் சாகடித்ததற்குப் பார்க்கிறவர்கள் மூட்டை மூட்டையாக எழுதியிருக்கிறார்களாம். அந்தப் பையன் தயாரிப்பாளர் தானே பேசினான். ரங்கூன் ஆஸ்பத்திரியில் பெயர் மாறிவிட்டது, செத்தது வேறொரு பெண், டெய்ஸி உயிரோடு திரும்பி வருகிறாள் என்று கதையை எழுதிவிட்டார்கள். பதினாறாம் தேதி படப்பிடிப்பு ஆரம்பம். கிறிஸ்துமஸ் கழித்து வருகிறேன் என்று கேட்டேன். முடியாது என்றான். “வேண்டாமென்றால் செத்தவள் செத்தவளாகவே இருக்கட்டும்” என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

யோசிக்க ஒரு இரவு கேட்டேன். காலையில் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

எனக்கு அறுபத்தோரு வயது. இந்தத் தொழிலில் இந்த வயதில் இரண்டாம் முறை யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. உன்னைவிட அது பெரிதா என்று நீ கேட்கலாம். ஆனால் அந்த லாண்டரி வாசலில் நிற்காத நாட்களில் நான் யாராகவும் இல்லை, ஆன்மேரி. அதை உன்னிடம் மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிவிட்டேன். எப்போது வருவேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும், எழுதவில்லை. இந்தக் கடிதம் சமயத்துக்கு வராது என்று பிரான்சிஸ் பேக்டரிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அத்தை

•

தாகேதா
ஜனவரி 12

உயிர்த்தெழுந்த அத்தைக்கு,

வாழ்த்துகள். உங்களுக்கு முன் ஒருவர் மூன்றாம் நாள் எழுந்தார். உங்களுக்கு மாதங்கள் பிடித்தன. முழங்கால் வலி காரணமாக இருக்கலாம். நாங்கள் நலம்.

உடனே எழுதாததற்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம்தான். அப்பா பேக்டரியிலிருந்து வந்து, சட்டைகூடக் கழற்றாமல் பின்னறை வாசலில் நின்று சொன்னார். நான், “சரி” என்றேன். “சரின்னா?” என்றார். “சரின்னா சரி” என்றேன். சத்யபாமா ஆன்ட்டியிடம் சொல்லப் போனபோது அவர் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். “பொண்ணுக்கு உத்தியோகம் போயிட்டு திரும்பக் கெடைக்கிறது என்ன சாதாரணமா? போகட்டும் விடு” என்றார். பிறகு என்னைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இந்து வீட்டில் கிறிஸ்துமஸ், ஆட்டுக்கறி பிரமாதம்.

யோசித்துப் பார்த்தேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? எனக்கும் யாராவது கூப்பிட்டு, “வா, நீ இல்லாமல் இந்தத் தெரு நடக்கவில்லை” என்று சொன்னால் ஓடிவிடுவேன். அப்பாவைக்கூட விட்டுவிட்டு ஓடிவிடுவேன். இதை அவரிடம் சொல்லாதீர்கள்.

ஒரே ஒரு லஞ்சம் வேண்டும். இத்தனை மாதம் எங்கே இருந்தாய் என்று பாம் உங்களைக் கேட்பாள், கேட்காமல் எந்த நாடகமும் நடக்காது. அப்போது என் பெயரைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தது போக ஒரு வரி. தாகேதாவில் ஆன்மேரி வீட்டில் இருந்தேன் என்று. டெய்ஸி இங்கே இருந்தாள், அது பொய் இல்லையே. அவளுக்கு நான்தானே துணி துவைத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
டெய்ஸியின் வீட்டுக்காரி,
ஆன்மேரி

•

லண்டன்
பிப்ரவரி 24

அன்புள்ள ஆன்மேரிக்கு,

நீயும் தம்பியும் சுகமாயிருங்கள். எனக்குக் கால் வீங்குகிறது, நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறேன். ஆனால் ஒப்பனை அறைக் கண்ணாடியில் முகம் பழைய முகமாகிவிட்டது.

இங்கே காட்சிகளை வரிசை மாற்றித்தான் எடுப்பார்கள், உன் கடிதம் வந்த அடுத்த வாரம்தான் அந்தக் காட்சி வந்தது. லாண்டரியில் நானும் பாமும். ஒத்திகையில் எழுதியதை மட்டும் சொன்னேன். கேமரா ஓடும்போது சொன்னேன். நீ கேட்டதைவிட நீளமாகவே சொன்னேன். தாகேதா, மூன்றாம் மாடி, என் தம்பி மகள் ஆன்மேரி, அவள் வாய் ஓயாது, அவள் இல்லாவிட்டால் நான் இல்லை என்று. பாம் நல்ல நடிகை, அசையாமல் கேட்டாள், அவள் கண் கலங்கிவிட்டது. இயக்குநர் நிமிர்ந்து, “யார் அது?” என்றார். “நான் தங்கியிருந்த வீடு” என்றேன்.

உங்கள் கைக்கு வர ஜூன் ஆகும் போலும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை

•

தாகேதா
ஜூன் 15

அன்புள்ள பெட்டு அத்தைக்கு,

இங்கே மழை நலம், நாங்கள் ஈரம். உங்கள் கால் வீக்கம் இறங்கியதா? லாண்டரியில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள், டெய்ஸிதானே முதலாளி.

ஸ்டிக் வந்துவிட்டது. ஹஸ்ஸான், “உன் அத்தை பிழைச்சிட்டாங்கம்மா” என்று கடை வாசலுக்கே வந்து கொடுத்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமை வரை காத்திரு, சேர்ந்து பார்ப்போம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் மீ வந்ததும் தனியாகவே பார்த்தேன்.

பாம் கேட்கிறாள், “இத்தனை மாசம் எங்கே இருந்தே?” நீங்கள் கையில் ஒரு நீலத் துண்டை மடித்துக்கொண்டு, “ரங்கூன்ல, தம்பி வீட்ல” என்கிறீர்கள். பாதி மடித்திருக்கிறீர்கள். அடுத்த நொடியில் துண்டு முழுசாக மடித்து அலமாரியில் இருக்கிறது, பாமின் கண் கலங்கியிருக்கிறது, நீங்கள் டீ வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

என் பெயர் வந்த வரியை வெட்டிவிட்டார்கள் என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. தெரிந்திருக்காதோ, தெரிந்தும் எழுதவில்லையோ, நான் கேட்க மாட்டேன்.

ஆனால் அத்தை, அந்தத் துண்டு தானாக மடிந்து அலமாரிக்குப் போகவில்லை. “தம்பி வீட்ல” என்பதற்கு யாரும் கண் கலங்க மாட்டார்கள். பாம் எதைக் கேட்டு அழுதாள் என்று இந்த உலகத்தில் பார்க்கிற எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பின்னால் ஓட்டினேன், முன்னால் ஓட்டினேன். துண்டு பாதி, துண்டு முழுசு. பாதி, முழுசு. நீங்கள் சொல்லியிருக்கும் வரியை நடுவில் நானே உங்கள் குரலில் சொல்லிப் பார்த்தேன். வேகமாகச் சொன்னாலும் நிறைய நேரம் எடுக்கிறது. அவ்வளவு நேரம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்.

அன்று பேக்டரியில் கரண்ட் இல்லையென்று அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. கதவில் நின்றுகொண்டு கேட்டார்:

“ஒரே எடத்தையே போட்டுப் போட்டு என்னம்மா பாக்குற?”

“என்னை” என்றேன்.

அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மீ போகும் வரை இரண்டு பேரும் பார்த்தோம்.

உங்கள் மருமகள்,
ஆன்மேரி